மார்ச்சில் பச்சையாகும் சானலுக்கு எந்த வைத்தியம்?

பிப்ரவரி கடைசியில் பேச்சிப்பாறை அணையை அடைத்து மூன்று வாரம் ஆனால் போதும், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பாசனச் சானல்கரை வீடுகளில் ஜன்னலைத் திறந்து வைக்க முடியாது. ஓடிக்கொண்டிருந்தவரை கலங்கலாகவாவது கிடந்த தண்ணீர், ஷட்டருக்கு ஷட்டர் தேங்கி, முதலில் கட்டன் சாயா நிறம், பிறகு பட்டாணி அரைத்துக் கரைத்த பச்சை, ஏப்ரலில் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தது போல ஒரு படலம் என்று மாறும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் துருசு (செம்பு சல்பேட்) போடலாம் என்பார். இன்னொருவர் ஜேசிபி கொண்டுவரச் சொல்வார். இறால் பண்ணையில் சுற்றும் சக்கரத்தை வாங்கிப் போடலாம் என்பது மூன்றாமவர் யோசனை, புல் கெண்டை விடலாம் என்பது நான்காமவர் யோசனை. எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். தப்பானதைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த மார்ச்சில் அதே கூட்டத்தை மறுபடி கூட்ட வேண்டிவரும்.

ஆகவே ஒவ்வொரு வழியையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். அந்த அளவுகோல் பாஸ்பரஸ். பாசிக்கு வெயிலும் இளஞ்சூடும் நம் ஊரில் எப்போதும் உண்டு. தண்ணீர் நின்றதும் அதற்குக் கிடைக்கும் கூடுதல் தீனி பாஸ்பரஸும் நைட்ரஜனும்தான். இவற்றில் நம் கையால் குறைக்கக்கூடியது பாஸ்பரஸ். சில நீலப்பச்சைப் பாசிகள் நைட்ரஜனைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும், பாஸ்பரஸை அப்படி எடுக்க முடியாது.

முதலில் எது பச்சை என்று பாருங்கள்

ஒரு கம்பை விட்டுச் சுழற்றுங்கள். பச்சை நூல் நூலாகக் கம்பில் சுற்றிக்கொண்டு வந்தால் அது இழைப்பாசி. அசிங்கம்தான், ஆபத்துக் குறைவு. கம்பில் பெயின்ட் பூசியது போல் ஒட்டினால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். உறுதிசெய்ய, மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பாகம் தண்ணீர் எடுத்து, மூடி, ஆடாமல் ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள். பச்சை அடியில் படிந்தால் சாதாரணப் பாசி. மேலே ஏறிக் கழுத்தோரம் வளையம் கட்டினால் நீலப்பச்சை. கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், அந்தப் பாட்டிலைச் சாப்பாட்டுப் பொருளோடு வைக்காதீர்கள். நீலப்பச்சைப் பாசியில் ஈரலைக் கெடுக்கும் நச்சு இருக்கக்கூடும், கொதிக்க வைத்தாலும் அது போகாது. வளையம் கண்டால் அன்றே படித்துறையில் குளிப்பதையும் மாட்டை இறக்குவதையும் நிறுத்த வேண்டும்.

அடுத்தது கரைந்த ஆக்சிஜன். இதைப் பகல் மூன்று மணிக்கு அளந்துவிட்டு ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று சொல்பவர்கள் நிறைய. பகலில் பாசியே ஆக்சிஜனை உற்பத்தி செய்கிறது, ராத்திரியில் அதுவே இழுத்துக் குடிக்கிறது. சரியான நேரம் விடியற்காலை ஐந்தரை. குளிக்கும் நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 5 மி.கி. அல்லது அதற்கு மேல். 2 மி.கி.க்குக் கீழே போனால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். பிஎச்சும் (அமில, கார அளவு) ஆக்சிஜனைப் போலவே விடியலில் குறைந்து, மதியம் உச்சத்தில் இருக்கும். விடியலில் 7, மதியம் 9 என்று ஆடினால் அந்தத் தண்ணீரைப் பாசி ஆள்கிறது என்று அர்த்தம். கூடவே காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் சக்தி) எவ்வளவு என்றும் பார்த்துவிடுங்கள், பின்னால் வரும் இரண்டு மருந்துகளுக்கு அது தெரியாமல் கை வைக்கக் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீர் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள்.

ஒரு துண்டுச் சானலின் வரவுக் கணக்கு

உதாரணத்துக்கு 400 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி 0.8 மீட்டர் ஆழத்தில் தேங்கி நிற்கும் ஒரு துண்டை எடுப்போம். பரப்பு 2,400 சதுர மீட்டர், தண்ணீர் 1,920 கன மீட்டர். கரையில் 60 வீடு, வீட்டுக்கு நான்கு பேர். ஆளுக்கு 80 லிட்டர் குளியல், துணி, அடுக்களைத் தண்ணீர் சானலில் விழுகிறது. பத்து வீட்டில் கக்கூஸ் குழாயும் நேராக அங்கேதான்.

கழிவுநீர் நாளொன்றுக்கு 19 கன மீட்டர் வருகிறது. மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதத்துக்கும் பெருக்கினால் ஏறக்குறைய 1,770 கன மீட்டர். அதாவது அணை அடைத்துத் திறப்பதற்குள், சானலில் நிற்கும் தண்ணீரின் அளவுக்குக் கழிவுநீரும் வந்து சேர்ந்துவிடுகிறது. வெயிலில் வற்றுவது நல்ல தண்ணீர், மிஞ்சுவது சத்து.

பாஸ்பரஸ் கணக்கு இன்னும் தெளிவாகக் காட்டும். மனிதக் கழிவில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் பாஸ்பரஸ் இருக்கிறது. பத்து வீட்டுக்கு 40 கிராம். சோப்பும் சாதம் வடித்த கஞ்சியும் கலந்த தண்ணீரில் லிட்டருக்கு 3 மி.கி. என்று குறைத்தே வைத்தாலும் 58 கிராம். அடிச்சேறு ஆக்சிஜன் இல்லாமல் கிடக்கும்போது சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 மி.கி. விடுவதாகக் கொண்டால் 24 கிராம். மொத்தம் 122 கிராம். தண்ணீரில் லிட்டருக்கு 0.1 மி.கி. பாஸ்பரஸ் இருந்தாலே பாசி தாராளமாகச் செழிக்கும். நம் துண்டில் அந்த அளவை எட்ட 192 கிராம் போதும். இரண்டு நாள் வரவு கூட வேண்டாம்.

உங்கள் துண்டுக்கு எண்கள் மாறும். ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையிலிருந்து ஆசிட் தண்ணீர் வந்தால், கோழிக்கடைக் கழிவு விழுந்தால், கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப் போட்டால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல் எந்த வைத்தியத்துக்கும் பணம் பிரிக்காதீர்கள்.

குழாயைத் திருப்புவது

122 கிராமில் 98 கிராம் குழாய் வழியே வருகிறது. அதனால் எங்கள் முதல் தேர்வு இதுதான். கூட்டத்தில் மிகக் கடினமாகப் பேசப்படுவதும் இதுதான், ஏனென்றால் இங்கே குற்றவாளி அடுத்த வீட்டுக்காரர்.

தனி வீட்டுக்கு உறிஞ்சுகுழி. இடம் தேர்வதற்கு முன் ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் சின்னக் குழி தோண்டி, ராத்திரி முழுக்கத் தண்ணீர் நிரப்பி ஊறவிடுங்கள். காலையில் அரை அடி தண்ணீர் விட்டு, ஒரு அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 30 நிமிடத்துக்கு மேல் எடுத்தால் அந்த மண்ணுக்கு உறிஞ்சுகுழி ஒத்துவராது. சரிப்பட்டால், 1.2 மீட்டர் விட்டத்தில், குழாய் வாய்க்குக் கீழே 1.8 மீட்டர் ஆழம். பக்கச்சுவர் 6.8 சதுர மீட்டர் கிடைக்கும். சதுர மீட்டருக்கு 50 லிட்டர் உறிஞ்சும் மண்ணில் நாளுக்கு 340 லிட்டர் தாங்கும், நான்கு பேர் வீட்டுக்கு இது சரி. நம் பக்கத்துச் செம்மண்ணில் இரும்பு அதிகம், அது பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த விஷயத்தில் மண் நமக்குச் சாதகம்.

குழி கெடுவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: அடுக்களைத் தண்ணீரின் எண்ணெய். மீன் பொரித்த எண்ணெயும் தேங்காய்ப் பாலின் கொழுப்பும் குழிச்சுவரில் மெழுகு போலப் படிந்து துவாரத்தை அடைத்துவிடும். அதனால் அடுக்களைக் குழாய்க்கும் குழிக்கும் நடுவே 50 லிட்டர் கொழுப்புத் தொட்டி கட்டாயம். உள்வாயிலும் வெளிவாயிலும் ‘டி’ குழாய், வெளிவாயின் கீழ்முனை அடியிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மேலே மிதக்கும் கொழுப்பை அள்ளி எடுங்கள்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. கிணற்றிலிருந்து குழி 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஐந்து சென்டில் வீடும் கிணறுமாக நெருங்கிக் கிடக்கும் கரையில் அதற்கு இடமே இராது. அங்கே பொதுக்குழாய் ஒன்றுதான் வழி. கரையோரம் 160 மி.மீ. பிவிசி குழாய், 150-க்கு 1 சரிவு. ஒரே முனைக்குக் கொண்டுபோனால் 400 மீட்டரில் 2.7 மீட்டர் ஆழம் தோண்ட வேண்டிவரும், சானல் தண்ணீரே உள்ளே ஊறும். இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவுக்குக் கொண்டுவந்தால் 1.3 மீட்டரில் முடியும். நடுவில் சம்ப், ஒரு எச்பி மோட்டார், அங்கிருந்து படிவுத்தொட்டி, பிறகு ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட்ட படுகை. ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் என்றால் 240 சதுர மீட்டர், அதாவது ஆறு சென்ட். இந்த ஆறு சென்ட் கிடைக்குமா என்பதுதான் பல இடங்களில் முழுத் திட்டத்தையும் முடிவு செய்கிறது.

கக்கூஸ் குழாய் பத்தையும் செப்டிக் டேங்குக்குத் திருப்புவதில் பேச்சுக்கே இடமில்லை.

தூர் வாருவது

ஜேசிபி வந்து நின்றால் வேலை நடப்பது கண்ணுக்குத் தெரியும், அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் நம் கணக்கில் சேற்றின் பங்கு 24 கிராம். 30 செ.மீ. சேறு என்றால் 720 கன மீட்டர், நம் ஊர்க் கணக்கில் 254 யூனிட் (யூனிட் என்பது நூறு கனஅடி). இரண்டு யூனிட் டிப்பரில் 127 நடை. குழம்பான சேற்றை முழு லோடு ஏற்ற முடியாது, அதனால் நடை இன்னும் கூடும். குழாய்களை மூடாமல் வாரினால் இரண்டு மூன்று வருடத்தில் அடி மறுபடி கறுக்கும்.

குழாய்கள் மூடியபின் வாருவது நல்ல முதலீடு. இரண்டு மீட்டர் கம்பின் நுனியில் ஒரு தட்டு பொருத்தி மெல்ல இறக்கி, சேற்றின் மேல்மட்டத்தைக் குறியுங்கள். தட்டில்லாத கம்பைக் கெட்டித்தரை தட்டும்வரை குத்தி இறக்குங்கள். வித்தியாசம்தான் சேறு. இருபது மீட்டருக்கு ஒருமுறை அளந்து எழுதி வைத்துக்கொண்டால் ஒப்பந்தக்காரரோடு யூனிட் கணக்கில் சண்டை வராது. தோண்டும் அளவு மதகின் அடிப்படியைத் தாண்டக் கூடாது. பக்கெட் போன இடமெல்லாம் பள்ளமாக விட்டால் அடுத்த வருடம் அந்தப் பள்ளங்களில்தான் முதல் பாசி வரும். வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்தால் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) அதை அப்படியே திரும்பக் கொண்டுபோய் வைக்கும். ஏப்ரலுக்குள் வாரி, கரைக்கு வெளியே உலர்த்தி, மே முடிவதற்குள் அகற்ற வேண்டும்.

படிகாரம்

இங்கே சொல்லும் படிகாரம், தண்ணீர் சுத்திகரிக்கும் அலுமினியம் சல்பேட். அதிலுள்ள அலுமினியம் பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கும். இரண்டே நாளில் தண்ணீர் தெளிந்துவிடும், பார்ப்பவர்களுக்கு அதிசயமாக இருக்கும். லிட்டருக்கு 30 மி.கி. என்றால் நம் துண்டுக்கு 58 கிலோ. அதில் அலுமினியம் சுமார் 5 கிலோ, அது கட்டிவைக்கக்கூடிய பாஸ்பரஸ் அரைக் கிலோ அளவு. தினம் 122 கிராம் வந்துகொண்டிருந்தால் நான்கே நாளில் தீர்ந்துவிடும். குழாய்களை மூடிவிட்டு, சேற்றின் 24 கிராம் மட்டும் மிச்சம் என்றால் அதே 58 கிலோ மூன்று வாரம் தாங்கும். ஒரு கோடைக்கு நான்கைந்து முறை போட்டால் ஜூன் வந்துவிடும். படிகாரம் எங்கே உதவும், எங்கே வீண் என்று சொல்ல இந்த இரண்டு எண் போதும்.

அளவைப் பாட்டிலில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் படிகாரம் கரையுங்கள். ஐந்து ஒரு லிட்டர் பாட்டிலில் சானல் தண்ணீர் எடுத்து, ஊசிக்குழலால் 1, 2, 3, 4, 5 மி.லி. விட்டுக் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். இவை முறையே லிட்டருக்கு 10 முதல் 50 மி.கி. ஆகும். பஞ்சுபோலத் திரண்டு தெளியும் மிகக் குறைந்த அளவே உங்கள் அளவு. ஒவ்வொரு பாட்டிலிலும் பிஎச் பாருங்கள். 6-க்குக் கீழே போன பாட்டிலை ஒதுக்கிவிடுங்கள், அந்த அமிலத்தில் அலுமினியம் மீனின் செவுளைக் கெடுக்கும்.

நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு தனி எச்சரிக்கை வேண்டும். மலையிலிருந்து வரும் தண்ணீர் மென்மையானது, அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மை குறைவு. 30 மி.கி. படிகாரம் 15 மி.கி. காரத்தன்மையைத் தின்றுவிடும். காரத்தன்மை லிட்டருக்கு 40 மி.கி.க்குக் கீழே இருந்தால் முந்தின நாளே நீற்றுச் சுண்ணாம்பு கரைத்து விட வேண்டும், 58 கிலோ படிகாரத்துக்கு 23 கிலோ. 200 லிட்டர் டிரம்மில் பத்துப் பத்துக் கிலோவாகக் கரைத்து, காலை எட்டு மணிக்குள், ஒரு நாளில் பாதி நீளம் மட்டும் தெளியுங்கள். மீன் ஒதுங்க மறுபாதி இருக்கட்டும். சானல் அரசுடையது, நீர்வளத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் எதையும் கலக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

துருசு

ரப்பருக்கு போர்டோ கலவை அடிக்கும் வீட்டில் துருசு எப்போதும் இருக்கும். லிட்டருக்கு அரை மி.கி. என்றால் நம் துண்டுக்கு ஒரு கிலோ கூட வேண்டாம். மலிவு, வேகம், மூன்று நாளில் பச்சை மாயம். இந்த ஆசையில்தான் மீன் செத்து மிதக்கிறது. துருசின் அளவுக்குப் பண்ணைகளில் வைத்திருக்கும் விதி, காரத்தன்மையை நூறால் வகுத்த எண். காரத்தன்மை 50-க்குக் கீழே இருந்தால் போடவே கூடாது என்பதும் அதே விதியின் பகுதி. நம் தண்ணீர் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். நீலப்பச்சைப் பாசியில் துருசு பட்டால் உயிரணு வெடித்து உள்ளே இருந்த நச்சு முழுதும் தண்ணீரில் கலந்துவிடும். செத்த பாசி அழுகும்போது மிச்ச ஆக்சிஜனும் போகும், அதிலிருந்த பாஸ்பரஸ் அடுத்த பாசிக்கு உணவாகும். செம்பு சேற்றிலேயே தங்கிவிடுவதால் பின்னாளில் வாரும் சேற்றைத் தென்னை மூட்டில் போடவும் யோசிக்க வேண்டும். குடியிருப்புச் சானலுக்குத் துருசு வேண்டாம். எந்த அளவிலும் வேண்டாம்.

ஆகாயத்தாமரையை என்ன செய்வது

முழுவதும் வாரி எறிந்த அடுத்த மாதம் தண்ணீர் பச்சையாவதை நிறைய இடங்களில் பார்க்கலாம். மேலே நிழல் போய் வெயில் இறங்கியதுதான் காரணம். மூடிக் கிடக்க விட்டாலோ கீழே காற்றுப் புகாது, கொசுவும் நாற்றமும் பெருகும். நடுவழி இதுதான்: மூங்கில் அல்லது பழைய பிவிசி குழாயைக் கயிற்றில் கோத்து மிதக்கவிட்டு, பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அதை அடக்குங்கள். வாரம் ஒரு டன் அறுத்து எடுங்கள். ஒரு டன் பச்சைச் செடியில் ஐம்பது அறுபது கிலோதான் காய்ந்த பொருள், அதில் பாஸ்பரஸ் 200 கிராமுக்குச் சற்று மேல். நாளுக்கு 29 கிராம். 127 நடை டிப்பர் செய்யும் வேலையை இது ஆளும் அரிவாளுமாகச் செய்துவிடுகிறது. ஆனால் எடுத்ததை அன்றே கரை தாண்டிக் கொண்டுபோக வேண்டும். கரையில் அழுகவிட்டால் எடுத்ததற்குப் பலன் இல்லை. சாணத்தோடு அடுக்கி மட்கவைத்தால் தென்னை மூட்டுக்கு நல்ல உரம்.

காற்றடிக்கும் சக்கரம்

இது பாசியைக் கொல்லாது. வாங்கும் முன் இதைக் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு ஏமாந்ததாகப் பேச்சு வரும். அது செய்வது இரண்டு வேலை: விடியற்காலை மீனைக் காப்பது, அடிச்சேற்றின் இரும்பு பாஸ்பரஸை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது. அடியில் குமிழி விடும் குழாய்வகை 0.8 மீட்டர் ஆழத்தில் பயன்படாது, குமிழி கரையும் முன்னே மேலே வந்துவிடும். இறால் பண்ணைச் சக்கரமே பொருத்தம். ஒரு எச்பி ஒன்றைவிட அரை எச்பி இரண்டை 200 மீட்டர் இடைவெளியில் வைப்பது மேல். ராத்திரி பத்து முதல் காலை ஏழு வரை ஓட்டினால் எட்டு யூனிட் கரண்ட். பிள்ளைகள் இறங்கும் தண்ணீர், ஆகவே 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் இல்லாமல் இணைப்புக் கொடுக்காதீர்கள். கோடையில் முதல் மழை பெய்த ராத்திரி கட்டாயம் ஓட்டுங்கள். ரோட்டுக் கழிவு உள்ளே வந்து, அடித்தண்ணீர் கலங்கி, மீன் மொத்தமாகச் சாவது அந்த ராத்திரிதான்.

மற்றவை

புல் கெண்டை இழையும் இலையும் தின்னும், தண்ணீரில் கரைந்த பச்சையைத் தொடாது. தின்றதையும் அங்கேயே கழிக்கும். நுண்ணுயிர்க் கரைசல், தவிட்டு உருண்டை வகைகளில் நீங்கள் போடுவது இன்னும் கொஞ்சம் தீனிதான். இரண்டுக்கும் பணம் வேண்டாம்.

தண்ணீர் திறந்துவிடச் சொல்லிக் கேட்பது மட்டும் தனி. மூன்று நாளில் ஒருமுறை தண்ணீர் மாறினால் பாசி பெருக நேரமே கிடைக்காது. நம் துண்டுக்கு அது நொடிக்கு 7.4 லிட்டர், கால் கனஅடி. சின்ன அளவுதான். ஆனால் சானலின் தலைமதகிலிருந்து இங்கே வருவதற்குள் ஊறியும் வற்றியும் அதைப் போலப் பல மடங்கு போய்விடும். கோடையில் அணைத் தண்ணீருக்குக் குடிநீரும் அடுத்த பூவும் (நெல் போகமும்) காத்திருக்கின்றன. பக்கத்தில் நிரம்பிய குளம் இருந்தால் ஒழிய இதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

உப்பேறும் பக்கம்

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து பூவார் நோக்கிப் போகும் பழைய ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய், 1860-இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கியது, வேறு கதை. கடல் தண்ணீர் ஏறும் இடத்தில் சல்பேட் அதிகம். சேற்றில் அது சல்பைடாகி இரும்பைப் பிடித்துக்கொள்ளும், பாஸ்பரஸைப் பிடிக்க இரும்பு மிஞ்சாது. அழுகிய முட்டை நாற்றம் அதன் அடையாளம். அங்கே சக்கரம் மீனை மட்டும் காக்கும், சேற்றைத் திருத்தாது. தூர் வாருவதும் பொழிமுகம் (கடலில் சேரும் வாய்) திறந்திருப்பதும்தான் அங்கே பலன் தரும். உப்பு ஏறினால் ஆகாயத்தாமரை தானே சாகும், செத்ததை உடனே எடுக்காவிட்டால் அழுகி நிலைமை மோசமாகும்.

வரிசை

சானலில் தண்ணீர் ஓடும் ஜூன் முதல் பிப்ரவரி வரை ஒன்பது மாதம் இருக்கிறது. குழாய் வேலை முழுவதையும் அப்போது முடியுங்கள், மழை இல்லாத டிசம்பர் கடைசியும் ஜனவரியும் குழி தோண்ட நல்ல நாள்கள். மார்ச் முதல் வாரம் மூங்கில் வேலியும் சக்கரமும் இடத்தில் இருக்க வேண்டும். குழாய்கள் முக்கால் பங்காவது மூடியிருந்தால் மட்டும் படிகாரத்துக்கு அனுமதி கேளுங்கள். தூர், பணம் சேர்ந்த வருடத்தில்.

மே கடைசியில் ஷட்டரோரம் காற்று ஒதுக்கி வைத்த படலம் கனமாகக் கிடக்கும். அணை திறக்குமுன் கொசுவலைத் துணி கட்டிய வாரியால் அதை அள்ளி எடுத்துவிடுங்கள். விட்டால் முதல் தண்ணீரோடு அது முழுவதும் கடைமடைக் குளத்துக்குப் போய்விடும்.